பள்ளிப் பேண்டு வாத்தியக் குழு: பெற்றோர் அறிய வேண்டிய வரலாறு



நாம் கொண்டாடும் யூபிலி என்னும் சொல்லே ஓர் ஊதுகருவியிலிருந்து பிறந்தது. எபிரேய மொழியில் 'யோபேல்' என்பது ஆட்டுக்கடாவையும் அதன் கொம்பையும் குறிக்கும். ஐம்பதாம் ஆண்டு வந்ததும் நாடெங்கும் எக்காளம் ஊத வேண்டும். அந்த ஓசை கேட்டதும் அடிமைகள் விடுதலை பெற வேண்டும். கைமாறிப் போன நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் விதிக்கின்றது. ஊதுகொம்பின் ஓசையும் மனிதனின் விடுதலையும் அன்றே ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டுவிட்டன.

ஆகவே இந்த யூபிலி மலரில் நமது உயர்நிலைப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றி எழுதுவது பொருத்தமே. கொடியேற்றத்தன்று பேண்டு முழங்கினால் நமக்கு மகிழ்ச்சி. தேர்பவனியில் அது முன்னே செல்லாவிட்டால் நமக்குக் குறை. ஆனால் "உங்கள் பிள்ளையைப் பேண்டில் சேர்க்கலாமா?" என்று கேட்டால் மட்டும் பலர் தயங்குகிறோம். மதிப்பெண் குறையுமோ என்பது ஒரு தயக்கம். செலவாகுமோ என்பது இன்னொன்று. வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது தயக்கமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். இம்மூன்றுக்கும் விடை பேண்டின் வரலாற்றிலேயே இருக்கின்றது.

அனாதைப் பிள்ளைகளின் இசைக்கூடம்

மோயீசன் காலத்தில் இரண்டு வெள்ளி எக்காளங்கள் செய்யப்பட்டதை எண்ணாகமம் 10-ஆம் அதிகாரம் கூறுகின்றது. மக்களைக் கூட்டவும், பாளையம் பெயரவும், திருநாட்களைச் சிறப்பிக்கவும் குருக்கள் அவற்றை ஊதினர். 150-ஆம் சங்கீதமோ எக்காளம், யாழ், மத்தளம், கைத்தாளம் என எல்லாக் கருவிகளையும் வரிசையாக அழைத்து, இறைவனைப் புகழுமாறு பணிக்கின்றது. ஒரு கருவியை உயர்வென்றும் மற்றொன்றைத் தாழ்வென்றும் அது பிரிக்கவில்லை.

இசைப் பள்ளியை மேல்நாட்டினர் 'கன்சர்வேட்டரி' என்பர். அதன் மூலப் பொருள் 'காப்பகம்' என்பது பலருக்குத் தெரியாது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அனாதைச் சிறுவர்களைக் காக்க நான்கு இல்லங்கள் எழுந்தன. 1537-இல் தோன்றிய லொரேத்தோ மாதா இல்லம் அவற்றுள் ஒன்று. சோறும் துணியும் கொடுத்த அந்த இல்லங்கள் இசையையும் கற்றுக் கொடுத்தன. காலப்போக்கில் அவற்றின் இசை ஐரோப்பா எங்கும் புகழ்பெறவே, 'காப்பகம்' என்னும் பெயரே இசைக் கல்லூரிக்கு நிலைத்துவிட்டது.

வெனிஸ் நகரில் 1346-இல் தொடங்கிய பியெத்தா இல்லம் கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்தது. அங்கிருந்த பெண் பிள்ளைகள் வயலின் முதல் ஊதுகருவிகள் வரை பயின்று, ஆலயத்தில் கம்பித் தடுப்பின் பின்னே நின்று இசைத்தனர். 1703-இல் அவர்களுக்கு வயலின் ஆசிரியராக வந்தவர் அவ்வாண்டுதான் குருப்பட்டம் பெற்றிருந்த அந்தோனியோ விவால்டி. உலகம் இன்று போற்றும் அவருடைய படைப்புகளில் பல, பெற்றோர் யாரென்று தெரியாத அந்தப் பெண் பிள்ளைகள் வாசிப்பதற்காகவே எழுதப்பட்டவை. "பெண் பிள்ளைக்குப் பேண்டு எதற்கு?" என்று கேட்போர் இதை நினைவில் கொள்க.

தொழிலாளியின் கைக்கு வந்த எக்காளம்

பழைய எக்காளம் வெறும் குழாய். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சில சுரங்களை மட்டுமே அதில் எழுப்ப முடியும். அதை முழுமையாக வாசிக்க அரண்மனைக் கலைஞர்களால்தான் இயன்றது. 1818-இல் பிரஷ்ய நாட்டில் ஸ்டோல்செல், புளூமெல் என்னும் இருவர் வால்வு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். விரலால் வால்வை அழுத்தினால் காற்று கூடுதலான குழாய் வழியே சுற்றி வரும். குழாய் நீண்டால் சுருதி இறங்கும். மூன்று வால்வுகளைத் தனித்தும் சேர்த்தும் அழுத்தினால் எல்லாச் சுரங்களும் கிடைத்துவிடும். இதுவே பெரிய மாற்றத்தின் தொடக்கம்.

பின்னர் பெல்ஜிய நாட்டுக் கைவினைஞர் அடால்ப் சாக்ஸ் பெரிதும் சிறிதுமாக ஒரே குடும்பத்து ஊதுகருவிகளை உருவாக்கினார். 1846-இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கருவியின் விரல் முறையைக் கற்றவன் அதே குடும்பத்து மற்றொன்றையும் எளிதில் பழகலாம் என்றாயிற்று. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தாரும் ஆலைத் தொழிலாளரும் வேலை முடிந்த மாலையில் பேண்டு பயின்றனர். 1853-இல் மான்செஸ்டர் நகரின் பெல்வியூ பூங்காவில் அவர்களுக்குப் பேண்டுப் போட்டி நடந்தது. அரசனுக்குரிய எக்காளம் உழைப்பாளியின் கைக்கு வந்தது இவ்வாறே.

தொன் போஸ்கோவின் முற்றம்

இரண்டு வயது நிறையுமுன்னே தந்தையை இழந்த ஜான் போஸ்கோ, பள்ளிப் பருவத்தில் ஒரு தையற்காரர் வீட்டில் தங்கி, தையலோடு பாட்டும் வயலினும் கற்றவர். 1841-இல் குருவான அவர், வேலை தேடித் தூரின் நகரத்துக்கு வந்து தெருவில் அலைந்த சிறுவர்களைத் திரட்டினார். 1846-இல் வால்தோக்கோ என்னுமிடத்தில் ஒரு கொட்டகை கிடைத்தது. அங்கே ஜெபமும் விளையாட்டும் இருந்தன. மாலை வகுப்பில் பாட்டு இருந்தது. 1850-களில் பேண்டும் சேர்ந்தது.

அந்தப் பிள்ளைகள் கொத்தனார்க் கையாட்கள், செருப்புத் தைப்போர், அச்சுக் கோப்போர். அவர்கள் கையில் விலையுயர்ந்த கருவியைக் கொடுப்பது வீண் என்று நினைப்போர் எக்காலத்திலும் உண்டு. தொன் போஸ்கோவின் எண்ணம் வேறு. 1877-இல் தமது கல்வி முறையை விளக்கி எழுதியபோது, ஓட்டமும் இசையும் நாடகமும் உலாவும் பிள்ளைகளிடம் ஒழுங்கையும் நல்லொழுக்கத்தையும் உடல்நலத்தையும் வளர்க்கும் சிறந்த வழிகள் எனக் குறிப்பிட்டார். பிரம்பு செய்யாத வேலையைப் பேண்டு செய்யும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டவர். 1851-இல் சிறுவனாக அவரிடம் வந்த ஜான் காலியெரோ இசையில் வல்லவராகி, 1875-இல் அர்ஜெண்டினாவுக்குச் சென்ற முதல் சலேசிய மறைபரப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1884-இல் ஆயராகவும் 1915-இல் கர்தினாலாகவும் உயர்ந்தார். அதே சபையார் 1906-இல் தஞ்சைக்கு வந்து, அங்கிருந்த அனாதை இல்லப் பணியை ஏற்றனர் என்பது தமிழகத் திருச்சபை அறிந்த செய்தி.

நியூ ஆர்லியன்ஸ் சிறுவன்

அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், 1912-ஆம் ஆண்டின் கடைசி இரவில், கறுப்பினச் சிறுவன் ஒருவன் கைத்துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டான். காவலர் அவனைப் பிடித்துச் சீர்திருத்த இல்லத்தில் சேர்த்தனர். அந்த இல்லத்தில் பேண்டு இருந்தது. முதலில் அவனுக்குக் கிடைத்தது தம்புரீன் என்னும் சிறு கைப்பறை. பிறகு டிரம், பியூகிள் என ஏறி, கடைசியில் கார்னெட் கைக்கு வந்தது. அவனே லூயி ஆம்ஸ்ட்ராங். இருபதாம் நூற்றாண்டின் பேரிசைக் கலைஞர்களுள் ஒருவர். 1971-இல் அவர் மறைந்த பின், பிறந்த நாள் எது என்று ஆய்வாளர் தேடினர். அது கிடைத்த இடம் ஒரு கத்தோலிக்கப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு. 1901 ஆகஸ்டு 4 என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஏட்டில் அவர் பெயரைப் பதிந்த குருவுக்கு, அக்குழந்தை யாராக வளரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எந்தப் பங்குக் குருவுக்கும் அது தெரிவதில்லை.

அதே நாட்டில் உயர்நிலைப் பள்ளிப் பேண்டு பெரும் இயக்கமாக வளர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்து இராணுவ பேண்டுகளின் தேவை குறைந்தபோது, கருவி செய்யும் நிறுவனங்கள் பள்ளிகளை நாடின. 1923-இல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளிப் பேண்டுப் போட்டிக்கு அந்நிறுவனங்களே ஆதரவளித்தன. அதனால் பிள்ளைகளுக்கு நன்மை விளைந்தது உண்மை. கருவி விற்போரின் அக்கறையும் பிள்ளையின் தேவையும் எப்போதும் ஒன்றல்ல என்பதும் உண்மை. செலவைப் பற்றிப் பேசும்போது இதை மறக்க வேண்டாம்.

தமிழ் மண்ணில் பேண்டு

நமது நாட்டில் கும்பெனியாரின் பட்டாளங்களோடு பேண்டு வந்தது. சென்னைக் கோட்டையில் ஒலித்த அந்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), அவற்றுக்கு வடமொழியில் பாட்டமைத்தார். 'நோட்டு சுவரம்' என்று இன்றும் பிள்ளைகள் பாடுவது அதுவே. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) தம் அரண்மனையில் மேல்நாட்டு இசைக்கும் பேண்டுக்கும் இடமளித்தார். பேண்டில் ஒலித்த கிளாரினெட் நம் நடன மேடைக்கு வந்தது. பிறகு கச்சேரி மேடைக்கும் ஏறியது. திருச்சியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் அதே கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்து 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 'பேண்டு பிறர் கலை' என்பார்க்கு இது போதிய விடை.

ஆலயத்துக்கு உள்ளும் புறமும்

திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர், இசைக் கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், 1903 நவம்பர் 22 அன்று, திருவழிபாட்டு இசை குறித்து ஒரு மடல் வெளியிட்டார். ஆலயத்தின் உள்ளே பேண்டு முழங்கலாகாது என்றும், முரசும் தாளமும் போன்ற பேரொலிக் கருவிகள் கூடாதென்றும் அதில் விதித்தார். ஆலயத்துக்கு வெளியே பவனியில் ஆயரின் அனுமதியோடு பேண்டு வரலாம். ஆனால் உலகியல் பாட்டுகளை வாசிக்கலாகாது என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலும், திருஇசை பற்றிய உரோமை அறிவுரை 1967-இலும், அந்தந்த மக்களின் பண்பாட்டுக்கும் வழிபாட்டின் மாண்புக்கும் பொருந்திய பிற கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவோடு ஏற்கலாம் என வழிகாட்டின. இன்று தமிழகத்து ஆலயங்களில் மிருதங்கமும் தபேலாவும் ஒலிக்கின்றன; சில இடங்களில் பறையும் ஒலிக்கின்றது. தேர்பவனியில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லும்போது முகம் சுளிக்கும் இளைஞர்கள், இந்த விதி என்னுடையதன்று, 1903-லேயே வந்தது என அறிக.

இரு வீடுகளில் ஒரே முரசு

இப்போது அந்த மூன்றாவது தயக்கம். வீடு சந்திக்கச் சென்றபோது ஒரு தாய், "டிரம்பெட் குடுங்க சாமி, டிரம் மட்டும் வேண்டாம், மேளம் அடிக்கிறான்னு சொந்தக்காரங்க பேசுவாங்க" என்றார். வேறொரு தெருவில் ஒரு தந்தை, "எங்க தாத்தா சாவுக்கு அடிச்சதே போதும் சாமி, எம்புள்ள கையில குச்சி வேண்டாம்" என்றார். சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் முதல் மறுப்பு பெருமையிலிருந்து வந்தது. இரண்டாவது காயத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் வைக்கின்றார். குறிஞ்சிக்கும் பறை, மருதத்துக்கும் பறை. பறை இல்லாத நிலம் இல்லை. எல்லாருக்கும் பொதுவாயிருந்த அந்தக் கருவியைப் பிற்காலத்தில் சிலருடைய பிறப்போடு கட்டி, சாவு வீட்டுக் கட்டாய வேலையாக்கிய பழி சமுதாயத்தைச் சாரும், கருவியைச் சாராது. ஞானஸ்நானத் தொட்டியில் ஒரே தண்ணீரைப் பெற்ற நாம், பேண்டில் மட்டும் வரிசை பிரித்து நிற்பது எப்படிச் சரியாகும்?

ஆகவே நமது குழுவின் முறையைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். எவருடைய பிள்ளைக்கும் பிறப்பையோ தெருவையோ பார்த்துக் கருவி கொடுக்கப்படுவதில்லை. முதல் ஆண்டில் எல்லாரும் முரசைக் கற்க வேண்டும். தாளம் தெரியாதவனுக்கு டிரம்பெட் பயன்படாது. அதன் பிறகு பல், விரல், மூச்சு, செவி ஆகியவற்றைப் பார்த்துப் பேண்டு மாஸ்டர் கருவியைத் தேர்வார். அந்தத் தந்தையின் மகனைப் போல், முரசு வேண்டாம் என்பதற்கு நெஞ்சில் வலியுள்ள காரணம் இருந்தால், அப்பிள்ளையைக் கட்டாயப்படுத்த மாட்டோம். பெருமையின் பொருட்டு மறுப்போருக்கு இந்தச் சலுகை இல்லை.

சேர்க்கும் முன் கவனிக்க

வயது: பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்த பிறகே பித்தளைக் கருவிகளை ஊதுவது எளிது. ஆறாம், ஏழாம் வகுப்பு ஏற்ற காலம். கிளாரினெட்டுக்கு விரல்கள் துளைகளை முழுதும் மூட வேண்டும். டிராம்போனுக்குக் கை நீளம் வேண்டும். பெரிய முரசைச் சுமக்க முதுகு உரம் வேண்டும். இளைப்பு உள்ள பிள்ளையானால் மருத்துவரைக் கேட்டு வாருங்கள்.

கருவி: உடனே வாங்க வேண்டாம். முதல் ஆண்டு பள்ளிக் கருவியிலேயே பழகட்டும். வாய்வைத்து ஊதும் முகப்பை மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்வது சுகாதாரத்துக்கு நல்லது. வாங்குவதானால் மாஸ்டரோடு செல்லுங்கள். நம் நாட்டில் பேண்டுக் கருவிகள் செய்வதற்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்து மீரட். எந்த ஊர்ப் பொருளானாலும் சுருதியும் வால்வும் சரியா என்று வாசித்துப் பார்த்தே வாங்க வேண்டும். பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. நாதசுரத்துக்குச் சீவாளி போல் கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் சீவல் உண்டு. அது தேயும், அடிக்கடி மாற்ற வேண்டும். அந்தச் சில்லறைச் செலவையும் கணக்கில் வையுங்கள். இயலாதவர் என்னிடம் தனியே சொன்னால் போதும். பணமில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் நின்றுவிடலாகாது.

பராமரிப்பு: குத்துவிளக்கைத் துலக்குவது போல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். மேற்பூச்சு போய்விடும், துகள் வால்வில் புகுந்தால் அது சிக்கிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் உள்ளே தங்கிய நீரை வடித்து, மெல்லிய துணியால் துடைத்து, வால்வுக்குரிய எண்ணெய் விட்டால் போதும்.

பயிற்சி: ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஊதுவதைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் ஊதுவது மேல். முதல் ஆறு மாதம் ஒரே சுரத்தை நீட்டி ஊதுவதே பாடம். அது எருமை கத்துவது போல்தான் கேட்கும். தந்தையர் தயவுசெய்து சிரிக்க வேண்டாம். அண்டை வீட்டாருக்கு நேரத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முரசு பயிலும் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். செவி கெட்டால் திரும்பாது.

படிப்பு: தேர்வு மாதத்தில் பயிற்சியைக் குறைத்துவிடுவோம். மற்ற மாதங்களில் படிப்புக்கு நேரமில்லை என்று சொல்லும் பிள்ளை, அந்த அரை மணி நேரத்தைக் கைப்பேசியில் கழிக்கின்றானா என்று முதலில் பாருங்கள். குறித்த நேரத்தில் வருவது, அடுத்தவன் ஓசையைக் கேட்டுத் தன் ஓசையை அடக்குவது, தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு காத்திருப்பது ஆகியவற்றைப் பேண்டு கற்றுத் தரும். இவை தேர்வு அறையிலும் உதவும். பின்னாளில் இராணுவம், காவல்துறை ஆகியவற்றின் பேண்டுகளில் வேலை வாய்ப்பும் உண்டு. இராணுவத்தாருக்கு மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் இசைப் பயிற்சிப் பிரிவே இருக்கின்றது. இலண்டன் டிரினிட்டிக் கல்லூரியின் இசைத் தேர்வுகளைத் தமிழ்நாட்டிலேயே எழுதலாம். ஆனால் வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள்.

கூலி வாசிப்பு: கலியாண ஊர்வலத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பிள்ளைகளைக் கூலிக்கு அழைக்க ஆட்கள் வருவார்கள். படிக்கும் பிள்ளையை இரவில் அனுப்ப வேண்டாம். பள்ளிக் கருவியும் சீருடையும் அதற்குப் போகா.

பெண் பிள்ளைகள்: அவர்களுக்கு எல்லாக் கருவியும் உண்டு. பயிற்சி மாலை ஆறு மணிக்குள் முடியும். ஆசிரியை ஒருவர் உடனிருப்பார்.

அன்பார்ந்த மக்களே, யூபிலி எக்காளம் ஒலித்தபோது அடிமையின் விலங்கு அறுந்தது. நேப்பிள்ஸிலும் தூரினிலும் நியூ ஆர்லியன்ஸிலும் கைவிடப்பட்ட பிள்ளையின் கையில் கருவியைக் கொடுத்தபோது அவன் தலை நிமிர்ந்தது. நமது பங்கில், பெருமையால் மறுத்த வீட்டுப் பிள்ளையும் காயத்தால் மறுத்த வீட்டுப் பிள்ளையும் ஒரே சீருடையில், ஒரே தாளத்துக்கு, ஒன்றாய் அடியெடுத்து வைத்தால் அன்றே நமக்கு உண்மையான யூபிலி. அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் பெயர் கொடுக்க வாருங்கள். பிள்ளையோடு தந்தையும் தாயும் இருவருமே வாருங்கள்.

புனித செசிலியா நம் பிள்ளைகளுக்காக மன்றாடுவாராக. இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை